எலிப்பாஸ் சொன்ன வசனம்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த அட்டை, கொடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பதில் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். ‘பயப்படாதே’, ‘ஆசீர்வதிப்பேன்’, ‘உன்னைக் கைவிடுவதுமில்லை’ என்று ஆளாளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே கேக் சாப்பிடுவோம். ‘கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து’ என்று யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. அச்சடிக்கிறவருக்கும் வியாபாரம் நடக்க வேண்டுமே.

சிட்சை என்றால் திருத்துவதற்காகக் கொடுக்கிற தண்டனை. அதற்காக இந்த எபிரெயர் நிருபம் 12:6 எங்களுக்கு மறந்துபோன வசனம் என்று நினைத்துவிடாதீர்கள். அதை எடுக்க ஓர் இடம் வைத்திருக்கிறோம்: அடுத்தவர் வீட்டுத் துக்கம். யாருக்காவது வேலை போனால், கட்டி என்று ஸ்கேன் சொன்னால், பிள்ளை கைவிட்டுப் போனால், விசாரிக்கப் போகிற குழுவில் ஒருவராவது இந்த வசனத்தை எடுத்துவிடுவார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். தாழ்த்திச் சொன்னால் அன்பு என்று அர்த்தம் போல.

நான் பிசியோதெரபிஸ்ட். அப்பா அம்மாவுக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது மும்பை சயான் கோலிவாடாவில். ஸ்டேஷனுக்கு குரு தேக் பகதூர் நகர் என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகியும் எங்கள் ஆட்களுக்கு அது கோலிவாடாதான். ஆன்டாப் ஹில், தாராவி, செம்பூர் என்று வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. அப்படிப் போன ஒரு வீட்டில் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. அந்த அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

அக்காவுக்கு பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு கை கட்டை மாதிரி இருக்கும். விரலை மடக்கினால் பாதியில் நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அதற்குப் பிறகு சப்பாத்தி மாவு உருண்டையைப் பிசையச் சொல்வேன். விசேஷப் பந்தெல்லாம் வாங்க வேண்டியதில்லை. மாவு இறுகிப்போனால் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். அக்கா பிசைந்துகொண்டிருந்தார்கள். இதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் அவர்களுடைய மூத்த மகன் ஹார்பர் லைன் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்திருந்தான். வாஷியில் வேலை. காலை நேரக் கூட்டம், கதவோரம் நின்றிருக்கிறான். மும்பையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

மாவைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னார்கள்: “அன்னைக்கு ஜெபிக்க வந்தவங்க சொன்னாங்க தங்கச்சி. கர்த்தர் நேசிக்கிறவங்களத்தான் சிட்சிப்பாராம். குடும்பத்துல என்ன தடை இருக்குன்னு ஆராய்ஞ்சு பாருங்கன்னாங்க. நானும் ஆராய்ஞ்சு பார்த்துட்டேன். கோபம் உண்டு, பொறாமை உண்டு, ஊர்ல ஒரு நிலத்துச் சண்டை உண்டு. அப்போ என் பாவத்துக்கு அவனையா எடுத்தாரு?”

“இல்லக்கா” என்றேன். அவ்வளவுதான் அன்றைக்குச் சொன்னது. ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே பிரசங்கம் பண்ண முடியாது. அந்த ‘இல்லை’க்கு என்ன ஆதாரம் என்று அவர்கள் பிற்பாடு கேட்டார்கள். என் சபைக்காரர்கள் சிலரும் கேட்டார்கள், கொஞ்சம் காரமாகவே.

ஆதாரம் வேதத்திலேயே இருக்கிறது, நாம் தேடிப் போகாத இடத்தில். ‘இதோ, தேவன் தண்டிக்கிற மனுஷன் பாக்கியவான், ஆகையால் சர்வவல்லவருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதிரும்.’ கேட்டால் நீதிமொழிகள் மாதிரியும் இருக்கிறது, எபிரெயர் மாதிரியும் இருக்கிறது. சொன்னது யார்? யோபுவின் சிநேகிதன், தேமானியனாகிய எலிப்பாஸ். யோபு 5:17. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் பருவோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்த்து அவன் சொன்ன ஆறுதல் அது. வசனத்தில் பிழை ஒன்றும் இல்லை; மற்ற இடங்களில் வேதமே அதைச் சொல்கிறது. ஆனால் புஸ்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் யாரிடம் கோபப்படுகிறார் என்று பாருங்கள். வானத்தை நோக்கி வழக்காடின யோபுவிடம் இல்லை. சரியான உபதேசத்தைச் சரியான வார்த்தையில் சொன்ன எலிப்பாஸையும் அவன் சிநேகிதர் இருவரையும் கூப்பிட்டு, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். பலி செலுத்தச் சொல்லி, யோபு உங்களுக்காக ஜெபிப்பான் போங்கள் என்று அவனிடமே அனுப்புகிறார். ஜெபிக்க வந்தவர்களுக்காக, துக்கத்தில் இருந்தவன் ஜெபிக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தை எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொன்னபோது ஒரு அண்ணன் விடவில்லை. “தாவீதுக்கு என்ன சொல்றீங்க? நாத்தான் வந்து நேராச் சொன்னாரே, பிள்ளை சாகும்னு.” நியாயமான கேள்வி. 2 சாமுவேல் 12 எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிற அதிகாரம். அதை இலகுவாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் தீர்க்கதரிசி நாத்தான் தானாகக் கிளம்பி வரவில்லை, கர்த்தர் அனுப்பி வந்தான். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லச் சொல்லிக் கடிதம் எழுதின தாவீது ராஜாவிடம் அந்தக் குற்றத்தைப் பெயர் சொல்லிப் பேசினான்; ‘ஏதோ தடை இருக்கும், ஆராய்ந்து பாருங்கள்’ என்று பொதுவாகத் துழாவவில்லை. நம்மை யார் அனுப்பினார்கள்? நமக்கு வாட்ஸ்அப்பில்கூட ஒன்றும் வரவில்லை.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. பிறவிக்குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளென்று நினைக்கிறீர்களோ என்று கேட்டுவிட்டு, ‘அப்படியல்ல’ என்று அவரே பதில் சொன்னார். அந்தக் கோபுரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ரயில் கதவுதான் கண்ணுக்கு முன் வருகிறது.

எபிரெயர் நிருபத்துக்கே வருவோம். 12:6-ஐ மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு போவதில்தான் கோளாறு. அந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது? பத்தாம் அதிகாரத்தில் விவரம் இருக்கிறது. விசுவாசத்துக்காக ஜனங்கள் நடுவே நிந்திக்கப்பட்டவர்கள், ஆஸ்தி கொள்ளைபோனவர்கள், சிறையில் இருந்தவர்களோடு சேர்ந்து நின்றவர்கள். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர்கள் அல்ல. சரியானதைச் செய்து அடிபட்டவர்களைப் பார்த்துத்தான் ‘இதைச் சிட்சையென்று சகியுங்கள்’ என்று எழுதுகிறார். இன்னும் மேலே போனால் 5:8. ‘அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு...’ பாவமே இல்லாத குமாரன்! பாடு வந்தால் எங்கோ பாவம் ஒளிந்திருக்கிறது என்ற கணக்கை அந்த நிருபமே ஐந்தாம் அதிகாரத்தில் கிழித்துப் போட்டுவிட்டது. நம் பாவத்துக்கான ஆக்கினை அவர்மேல் வந்தது என்று ஏசாயா 53 சொல்கிறது. அதை நம்புகிறவர்கள், பிதா மீதிக்கணக்கு வைத்திருந்து ஒரு தாயிடம் வந்து வசூலிக்கிறார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சரி, அப்படியானால் சிட்சை என்று ஒன்று இல்லவே இல்லையா? உண்டு. அதை நான் நம்புகிறேன், என் வேலையில் தினமும் அதன் சாயலைப் பார்க்கிறேன்.

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களைப் பார்க்கப் போனால் நான் முதலில் தேடுவது தலையணையைத்தான். கட்டிலில் படுத்திருப்பார்கள்; முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை இருக்கும். பெரும்பாலும் மகள் வைத்தது. வீங்கின மூட்டுக்கு லேசாக மடங்கி இருப்பதுதான் சுகம். தலையணை வைத்த மாத்திரத்தில் முகம் தெளிந்துவிடும். அதையே நாள் முழுக்க வைத்திருந்தால் முழங்காலுக்குப் பின்புறத் தசையும் சவ்வும் சுருங்கி, கால் நேராக நீளாமலே போய்விடும். லட்சக்கணக்கில் செலவழித்துப் போட்ட மூட்டை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான். ஆகவே தலையணையை உருவி எடுத்துவிட்டு, ஒரு டவலைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைப்பேன். முழங்கால் அந்தரத்தில் நிற்கும். அதன் கனத்துக்கு அதுவே நீளும். வலிக்கும். மகள் என்னை முறைப்பாள்.

அடுத்தது மடக்குவது. 90 டிகிரியாவது வந்தால்தான் ஒழுங்காகப் படியேற முடியும். எங்கள் பக்கத்து எஸ்ஆர்ஏ (குடிசை மாற்று) கட்டிடங்களில் லிஃப்ட் ஓடுவதை நம்பி யாரும் ஆபரேஷன் செய்துகொள்வதில்லை. உள்ளே தழும்பு இறுகுவதற்குள் மடக்கிப் பழக்க வேண்டும். விட்டால், மயக்க மருந்து கொடுத்து டாக்டரே மடக்கிவிட வேண்டிய நிலை வரும். ஆன்டாப் ஹில்லில் ஒரு பெரியம்மாவுக்கு மடக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் சபைதான், ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தவர்கள்.

“ஏட்டி, காலை ஒடிச்சிராத. நீ மனுஷியா?”

“இப்போ துக்கமாத்தான் காணும் பெரியம்மா, பிற்காலத்துல சமாதான பலன் தரும்.”

“வசனத்தப் பெறவு சொல்லு. முதல்ல கைய எடு.”

கையை எடுக்கவில்லை. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன், மூச்சு விடச் சொன்னேன், மறுபடி மடக்கினேன். அந்த நேரம் என் கண் அவர்கள் முழங்காலில் இல்லை, முகத்தில். எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கோணம் அளக்கிற கருவி சொல்லாது, முகம்தான் சொல்லும். இதை நான் பெரிதாக நினைக்கிறேன். வலிக்கச் செய்கிற கையை எடுக்காமல், அதே சமயம் முகத்தை விட்டுக் கண்ணையும் எடுக்காமல் இருப்பது. எபிரெயர் 12-இல் வருகிற பிதாவை நான் புரிந்துகொண்டிருப்பது இப்படித்தான். தூரத்தில் உட்கார்ந்து தண்டனை எழுதி அனுப்புகிறவர் அல்ல.

ஆனால் எங்கள் தொழிலில் இன்னொரு பாதியும் உண்டு. பயிற்சி முடிந்து வலித்து, ஐஸ் வைத்ததும் சாயங்காலத்துக்குள் அடங்குகிற வலி ஒன்று. கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டு, அழுத்தினால் உயிர் போகிற வலி வேறு; அது ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அங்கே பயிற்சி கிடையாது, உடனே ஆஸ்பத்திரி. கூடவே மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாது. வலி எல்லாமே நன்மைக்குத்தான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற பிசியோவிடம் தயவுசெய்து போகாதீர்கள், ஆளைக் கொன்றுவிடுவார்.

எல்லா நோவையும் சிட்சை என்கிறவர்களும் அப்படித்தான். அந்தப் பையனுடைய சாவை வேதம் என்ன பெயரில் கூப்பிடுகிறது? ‘பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். சத்துரு. பிதாவின் கைப்பிரம்பு என்று எழுதவில்லை. இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் லாசருவின் கல்லறைப் பக்கத்தில் இயேசு கண்ணீர் விட்டார். அவன் சகோதரிகள் மார்த்தாளையும் மரியாளையும் பார்த்து ஆராய்ந்து பாருங்கள் என்று சொல்லவில்லை. சத்துரு செய்ததையும் நன்மைக்கு ஏதுவாகத் திருப்ப அவரால் ஆகும், அது வேறு விஷயம். ஆகும் என்பதற்காக அதைச் செய்தவரே அவர்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

இங்கே அப்பாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா துறைமுகத்து டாக்கில் கூலி. நல்ல மனிதர்தான், ஆனால் அவர் அடித்ததில் பாதி எங்கள் தப்புக்கு, மீதி அவருடைய ஃபோர்மேனுக்கு. சால் என்கிற வரிசை வீட்டில் இருந்தோம், ஒரு கோலியில் (அறையில்) அடி விழுந்தால் மூன்று கோலிக்குக் கேட்கும். ‘பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்’ என்ற நீதிமொழி அங்கே எல்லா அப்பாக்களுக்கும் தெரிந்திருந்தது, பைபிள் இல்லாத வீட்டு அப்பாக்களுக்கும். பள்ளிக்கூடத்தில் அடிக்கக்கூடாது என்று 2009-இல் கல்வி உரிமைச் சட்டமே வந்துவிட்டது. எங்கள் சபைகளில் சில வீடுகளில் அது இன்னும் வந்து சேரவில்லை.

எபிரெயர் எழுதினவர் இதில் நம்மைவிட யோக்கியர். மாம்சத் தகப்பன்மார் ‘தங்களுக்கு நலமென்று தோன்றினபடி’ சிட்சித்தார்கள் என்று பத்தாம் வசனத்தில் போட்டு உடைத்துவிட்டார். அவர்களுக்குத் தோன்றினபடி! அது சரியாகவும் இருந்திருக்கலாம், ஃபோர்மேன்மேல் இருந்த கோபமாகவும் இருந்திருக்கலாம். ‘இவரோ...’ என்று அடுத்த வரியில் பிதாவைப் பிரித்து நிறுத்துகிறார். நம் பிரசங்கங்களில் இந்த ‘இவரோ’ காணாமல் போய், அப்பா அடித்தார் இல்லையா, அதுபோலத்தான் ஆண்டவரும் என்று நேர்க்கோடு போட்டுவிடுகிறார்கள். வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன் என்னிடம் வந்து, “அக்கா, பிதாவேன்னு ஜெபத்த ஆரம்பிச்சாலே பெல்ட்தான் ஞாபகம் வருது” என்றான். அவனிடம் போய் எபிரெயர் 12-ஐத் திறப்பதா? ஓசியா 11-ஐத் திறந்தேன். ‘நான் எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினேன்’ என்று கர்த்தர் தம் ஜனமாகிய இஸ்ரவேலைப் பற்றிச் சொல்கிற இடம். அடங்காத பிள்ளையாகிய எப்பிராயீமைக் கடிந்துகொள்கிற அதிகாரம்தான் அதுவும். ஆனால் அப்பா கையில் அங்கே பெல்ட் இல்லை, பிள்ளையின் விரல்கள் இருக்கின்றன. அவன் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் வந்தான்.

என் சங்கதியையும் கொஞ்சம் சொல்லலாம். போன வருஷம் எனக்கே தோள்பட்டை இறுகிப்போயிற்று. ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள். நாற்பது தாண்டின பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை இருப்பவர்களுக்கு அதிகம் வரும். எனக்கு இரண்டும் பொருந்தும். ரயிலில் மேலே கைப்பிடியைப் பிடிக்க முடியாது, முதுகுப் பக்கம் ஹூக் போட முடியாது, தலை பின்ன முடியாது. என்னிடம் வேலை பழகின பெண்தான் எனக்குச் சிகிச்சை. “தீதி, சாஸ் சோடோ” (அக்கா, மூச்சை விடு) என்று, நான் ஊருக்கெல்லாம் சொன்னதையே எனக்குச் சொல்லிக் கையைத் தூக்குவாள். நானும் பெரியம்மா மாதிரி கத்தினேன். தலை பின்னிவிட வந்தவள் என் ஓரகத்தி. ஊரில் மாமனார் வீட்டுப் பங்கு விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. என் முடியைக் கையில் வைத்துக்கொண்டு அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை. தலையைக் கொடுத்துவிட்டு என்னாலும் எழுந்து போக முடியவில்லை. முதல் நாள் எண்ணெயைப் பற்றிப் பேசினோம். நாள் போகப் போக மாமனார் வீட்டைப் பற்றியும் பேசினோம். இன்னும் தீரவில்லை, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் இப்போது வக்கீலைப் பார்க்கிறோம்.

தோள்பட்டையைக் கெடுத்தது சர்க்கரை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறேன். ஆனால் யாரிடமும் ஒன்றும் கேட்காமலே வாழ்ந்துவிடலாம் என்று இருந்த என்னை, அந்தக் கையை வைத்து ஒருவர் பழக்கினார் என்றும் சொல்வேன். ‘நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது’ என்று சங்கீதக்காரன் 119-இல் சொல்கிறான். *நான்*, *எனக்கு*. அந்த வாக்கியம் அப்படித்தான் சொல்லப்பட வேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்து, அவரவர் வாயால். ‘நீ உபத்திரவப்பட்டது உனக்கு நல்லது’ என்று என் தோள் வலித்த நாளில் எவராவது வந்து சொல்லியிருந்தால், நல்ல கையால் கதவைச் சாத்தியிருப்பேன்.

சிட்சையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இல்லாத வாழ்க்கைதான் எனக்குப் பயம். படிக்கிற காலத்தில் வடாலாவில் அக்வர்த் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம், 1890-இல் தொடங்கினது. அங்கே ஒருவர் உள்ளங்காலில் ஆழமான புண்ணோடு சாதாரணமாக நடந்து வந்தார். நொண்டவில்லை. அந்தக் காட்சிதான் எனக்கு அதிர்ச்சி. தொழுநோயாளிகளுடைய விரலும் காலும் அழுகி உதிர்கின்றன என்றுதான் காலகாலமாக நினைத்திருந்தார்கள். நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாததால் சுட்டதும் குத்தினதும் தெரியாமல் போய், காயத்தின்மேல் காயம் பட்டுத்தான் கை கால் சிதைகிறது என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்து காட்டினவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் நம் கொல்லிமலையில் மிஷனெரிகளுக்குப் பிறந்தவர். அவர் ஆபரேஷன் செய்து கொடுத்த கைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் பிசியோக்கள் என்பதில் எங்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

எபிரெயர் 12:8 அதனால்தான் எனக்குக் கடுமையாகப் படுவதில்லை. சிட்சை கிடைக்காதிருந்தால் நீங்கள் புத்திரரே அல்ல என்கிறது. புண்ணோடு நொண்டாமல் நடக்கிற ஆத்துமா ஒன்று உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபை அப்படித்தான் இருந்தது. ஐசுவரியவான், ஒரு குறைவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. ‘நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன்’ என்று இயேசு சொன்னது அந்தச் சபைக்கு. துக்க வீட்டுக்கு அல்ல, சுகமாயிருந்த வீட்டுக்கு! அடுத்த வசனம் நமக்கெல்லாம் தெரியும், காலண்டரிலும் சுவரிலும் மாட்டியிருக்கிறோம்: ‘இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்.’ கடிந்துகொண்டவர்தான் வாசலில் நிற்கிறார், கதவைத் திறந்தால் கூட உட்கார்ந்து சாப்பிடுவதாகச் சொல்கிறார். பத்தொன்பதாம் வசனத்தை விட்டுவிட்டு இருபதை மட்டும் ஃபிரேம் போடுவது நம் கெட்டிக்காரத்தனம்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலக் கூட்டத்தில் இதைப் பேசச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எபிரெயர் 12-ஐத்தான் வாசிக்கப் போகிறேன், ஆனால் வழக்கமாக நிறுத்துகிற பதினோராம் வசனத்தில் நிறுத்தப் போவதில்லை. பன்னிரண்டும் பதின்மூன்றும் ‘ஆகையால்’ என்று தொடங்குகின்றன: நெகிழ்ந்த கைகளையும் தளர்ந்த முழங்கால்களையும் நிமிர்த்துங்கள், முடமாயிருப்பது பிசகிப்போகாமல் சொஸ்தமாகும்படி பாதைகளைச் செவ்வைப்படுத்துங்கள். சிட்சிப்பது பிதாவின் வேலை. சபைக்குக் கொடுத்திருக்கிற வேலை முழங்கால் வேலை, என் வேலை. அடுத்தவர் துக்கத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கும்படி அந்த அதிகாரத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

அக்காவின் வீட்டில் அந்த வேலை ஏராளமாகக் கிடக்கிறது. ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு ரயில்வே சட்டம் 124-ஏ பிரிவின்படி 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. ஓராண்டுக்குள் ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். விழுந்தவருடைய கவனக்குறைவைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யார் தப்பு என்று ரயில்வேயே துருவக்கூடாத இடத்தில் நாம் துருவிக்கொண்டிருந்தோம். ரயில்வே போலீஸ் அறிக்கை, பஞ்சநாமா (சாட்சிகள் முன் எழுதின சம்பவ இடக் குறிப்பு), பிரேதப் பரிசோதனை அறிக்கை, பையனுடைய சீசன் பாஸ், ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். பஞ்சநாமா மராத்தியில் இருக்கிறது. அக்காவுக்கு மராத்தி படிக்க வராது. தாவீதைப் பற்றிக் கேட்டார் இல்லையா, அந்த அண்ணன் முனிசிபல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மராத்தி தண்ணீர் பட்ட பாடு. சனிக்கிழமை அவரை அக்கா வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியையும் நீல மைப் பேனாவையும் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். பைபிளைப் பற்றிக் கேட்டார், அது அக்கா வீட்டிலேயே இருக்கிறது என்றேன்.